தோளில் துணி இல்லாவிட்டால் அணைக்கவும்

சட்டம் போடுகிற ஆசை சிலருக்குப் பிறவியிலேயே வந்துவிடும். எனக்கு வந்தது பிளஸ் டூ படிக்கும்போது, எங்கள் பள்ளிக்கு இன்டர்நெட் வந்த கையோடு.

இன்டர்நெட் வந்த அன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினோம். (அந்தப் புகையில் மானிட்டர் தும்மாததுதான் ஆச்சரியம்.) பயம் பிறகுதான் வந்தது. "அதுல கண்ட படமெல்லாம் வருதாமே" என்று பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். தாளாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்: மாணவர்களுக்கு விதிமுறை எழுதுங்கள், பெற்றோர் கூட்டத்தில் இயக்கிக் காட்டுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் இணைப்பை எடுத்துவிடலாம்.

நான்தான் லேப் லீடர். இணைப்பு போனால் என் ஈமெயில் முகவரி அநாதையாகிவிடும். (அதற்கு அதுவரை ஒரு மெயிலும் வந்ததில்லை, அது வேறு விஷயம்.) உட்கார்ந்து எழுதித் தள்ளினேன். செருப்பை வாசலில் விட வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். ஒருவர் மவுஸ் பிடிக்க, மற்றவர் கண்காணிக்க. இதெல்லாம் யாரும் எழுதுவார்கள். என் மேதைமை முழுவதும் தோள் விதியில் இருந்தது.

அன்றைய போன் லைன் இன்டர்நெட்டில் படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து கீற்றுக் கீற்றாக இறங்கும். "இதுக்கு எங்கப்பா தறியே தேவலாம்பா" என்பான் என் வகுப்பு சரவணன். அவன் அப்பா பட்டு நெய்பவர். நான் யோசித்தேன். முகம் வந்து, கழுத்து வந்து, தோள் வருகிறபோது அங்கே துணி இல்லையென்றால் கீழே மட்டும் எங்கிருந்து வரப்போகிறது? எழுதினேன்: 'தோளில் துணி தெரியாவிட்டால் மானிட்டரை உடனே அணைக்கவும். படத்தைத் திறந்தவருக்கு ஒரு வாரம் லேபில் அனுமதி இல்லை.' தலைமையாசிரியை என்னைத் தட்டிக்கொடுத்து, அதைச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

முதல் பலி சரவணன். ஒரு குத்துச்சண்டை வீரரின் படத்தைத் திறந்துவிட்டான்.

"குத்துச்சண்டைக்காரன் பின்ன ஸ்வெட்டர் போட்டுக்கினா வருவான்?"

"ரூல் ரூல்தான்" என்றேன், நீதிபதி முகத்தோடு.

அவன் தண்டனை முடிந்து திரும்பிய அன்றுதான் பெற்றோர் கூட்டம். எனக்குப் பக்கத்தில் கண்காணிக்க அவனையே உட்காரவைத்தார்கள். லேப் நிறையக் கூட்டம். கடைசி வரிசையில் என் அப்பா, பெருமை தாங்காமல்.

நான் கோள்களின் படத்தைக் காட்டுவதாக இருந்தேன். தாளாளர் குறுக்கே வந்தார். பட்டுக்கடை முதலாளி, கோயில் உபயக்காரர்.

"கோளெல்லாம் எங்கம்மா போயிடப்போவுது? அமெரிக்காவுல இருக்கிற எம்பையன் என் போட்டோவ இதுல போட்டிருக்கானாம். அதக் காட்டு."

அவர் நீட்டிய முகவரியைத் தட்டினேன். தலையில் கட்டிய பரிவட்டம் வந்தது. திருமண் வந்தது. கண்ணாடியும் புன்னகையும் வந்தன. "ஐயாவேதான்" என்று கூட்டம் பூரித்தது. கழுத்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. கோயிலில் மரியாதை வாங்கும்போது எடுத்த படம். கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்கிறவர் சட்டையா போட்டிருப்பார்? மேல்துண்டு இடுப்பில் இருக்கும். இடுப்பு வந்து சேர இன்னும் எவ்வளவு நேரமோ.

தோள்கள் வந்தன. வெறும் தோள்கள். அங்கேயே போன் லைன் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

"சரவணா, வேணாம்" என்று முணுமுணுத்தேன்.

டப். மானிட்டர் இருண்டது.

"ஏம்பா அணைச்ச?" என்றார் தாளாளர்.

"தோள்ல துணி இல்ல சார். ரூல் இருக்குது." சுவரைக் காட்டினான். "இவங்க எழுதினதுதான்."

தாளாளர் எழுந்துபோய் நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் அவர் கை தானாகப் போய்ச் சட்டைத் தோளைச் சரிசெய்தது. என் அப்பா, என்னை முன்பின் பார்த்திராதவர்போல் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முசரவாக்கம் கிராமத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாதான் வாயைத் திறந்தார். "இந்த ரூலு பெரியவரு படத்தையே நிறுத்துதுங்க. நம்ம பசங்கள மட்டும் வுட்டுருமா? இது இருக்கட்டும் சார்."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, லேபே சிரித்தது. வேறு வழியில்லாமல் தாளாளரும் சிரித்தார். இணைப்பு பிழைத்தது.

நான் பிழைக்கவில்லை. படத்தைத் திறந்தவள் நான்தானே. ஒரு வாரம் லேப் வாசலில் நின்றேன். புது லீடர் சரவணன் உள்ளே போகும்போதெல்லாம், "செருப்பப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்பா அந்த வாரமே கதையைச் சொந்தபந்தம் முழுக்கப் பரப்பிவிட்டார். சில வருஷம் கழித்து என் கல்யாணம் முடிந்து வீடியோ கேசட் வந்தது. குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை வெறும் தோளோடு மணையில் வந்து உட்கார்ந்தார். அப்பா எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து கேசட் அந்த இடத்துக்கு வந்தால் யாராவது ஒருவர் எழுந்துவிடுகிறார்கள். இப்போது என் கணவரே எழுந்துவிடுகிறார்.

எனக்குத் தாலி கட்டிய காட்சியை நான் இன்னும் பார்த்ததில்லை.