பாதி பாயும் வால் இல்லாத எட்டு யானைகளும்

குழந்தைகளே, யானைக்கு வால் போட மறந்த ஓவியர்கள் உலகத்தில் நாலு பேர் இருக்கலாம். யானைக்கு வால் போடுவது தன் வேலையே இல்லை என்று ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு கறிக்கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தார். எல்லாருக்கும் அவர் பாதி பாய். நிஜப் பேர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

ஏன் பாதி பாய் என்று கேட்பீர்கள். சலூனில் பாதி முகம் சவரம் ஆகும்போது அவருக்கு ஒரு படம் ஞாபகம் வரும். "இதோ வந்துட்டேம்பா" என்று கழுத்தில் கட்டின துணியோடு எழுந்து வீட்டுக்கு ஓடுவார். மூணு நாள் கழித்து மீதி முகத்தைக் கொண்டுவருவார். பேச்சும் அப்படித்தான். "நேத்து பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆட்டோக்காரன் என்னா பண்ணான் தெரியுமா..." என்று ஆரம்பிப்பார். அதற்குள் அவர் இறங்கவேண்டிய இடம் வந்துவிடும். அந்த ஆட்டோக்காரன் என்ன பண்ணான் என்று எங்கள் ஊர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததே ஒரு அதிர்ச்சியால்தான். நான் பக்கத்து முசரவாக்கத்துக்காரன், ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். பத்தாவது வரைக்கும் படிப்பு. ரயில்வே கேட் மூடினால் வேனில் பன்னிரண்டு பிள்ளைகளும் கத்தும். அவர்களை அடக்க ஒருநாள் ஒரு கதை சொன்னேன். ஒரு யானை. அதற்குத் தன் வாலைப் பார்க்க ஆசை. திரும்பிப் பார்த்தால் உடம்பே மறைக்கிறது. "என் வால் எங்கே?" என்று ஊரெல்லாம் தேடிப் போகிறது. அவ்வளவுதான் கதை. பன்னிரண்டில் ஒருத்தி என் மகள் ஜெனி, மூணாவது படிக்கிறாள். "எழுதுப்பா" என்று என் உயிரை எடுத்தாள். எழுதினேன். அவள் டீச்சர் அதைச் சென்னையில் சிறுவர் புத்தகம் போடுகிற ஒரு மேடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதத்தில் மேடம் போன் பண்ணினார். "சார், உங்க கதையைப் புத்தகமாப் போடறோம். படம் போடறவர் உங்க ஊர்லயே இருக்கார்."

என்னை யாரும் அதுவரை போனில் சார் என்று கூப்பிட்டதில்லை. நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

ஜெனி சும்மா இருப்பாளா? அடுத்த மாசம் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் வாசிப்பு நாள் வருகிறது, ஆளுக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்து படிக்க வேண்டும். "நான் எங்கப்பா எழுதுன புக்குதான் படிப்பேன்" என்று அறுபது பிள்ளைகள் முன்னால் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டானாம்: "உங்கப்பா வேன் டிரைவர்தானே? புக் எழுதுவாரா?" அன்றைக்குச் சாயந்தரம் வேனிலிருந்து இறங்கும்போது, "அந்த வெள்ளிக்கெழம புக் வந்துடும்லப்பா?" என்றாள்.

"வந்துடும்" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். அப்போது எனக்குப் பாதி பாயைப் பற்றித் தெரியாது.

முதல் தடவை மாடி ஏறினபோது அவர் கையில் ஒரு டீ டம்ளர். சரியாகப் பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இந்தா, மீதி நீ குடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கப்பா குடித்த டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்த கடைகளை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். தன் டம்ளரையே நீட்டுகிற ஒரு ஆளைப் பார்த்ததில்லை. வாங்கிக் குடித்தேன். சர்க்கரை எல்லாம் அடியில்தான் இருந்தது.

அடுத்த அதிர்ச்சி அவருடைய மேசை. நாலு செங்கல் அடுக்கு, அதன்மேல் ஒரு கதவு. நீலக் கதவு. தாழ்ப்பாளோடு.

"எந்த ரூம் கதவு பாய் இது?"

"பாத்ரூமு" என்றார், தூரிகையை எடுத்துக்கொண்டே. "இந்த வீட்டுல இதுதான் சமமா இருக்குது."

உள்ளேயிருந்து அவர் மனைவி மும்தாஜ் அக்கா குரல் வந்தது. "கேளு தம்பி, நல்லா கேளு. மூணு வருஷமா போர்வையைத் தொங்க விட்டுக்கினு இருக்கோம். குளிக்கும்போது நான் பாடிக்கினே இருக்கணும், உள்ள ஆள் இருக்குதுன்னு தெரியறதுக்கு. பாத்ரூம் கதவு மேல புள்ளைங்களுக்குப் பொம்மை வரையறாராம்!"

பாய் முப்பது வருஷம் பட்டுப் புடவைக்கு டிசைன் போட்டவர். ஒருநாள் திடீரென்று நிறுத்திவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். "புடவையில இருக்குற மயிலைப் பாத்து எந்தப் புள்ளையாவது சிரிச்சுக்குதா?" என்றார். இதுவரை குழந்தைகளுக்கு மூணு புத்தகம் வரைந்திருந்தார். ஒன்று ஆந்தை, ஒன்று பட்டாம்பூச்சி, ஒன்று சூரியகாந்தி. மூணும் பிரமாதம். என் யானைப் படத்தில் தும்பிக்கையும் காதும் மட்டும் காட்டினார். அந்தக் கண்ணில் அப்படி ஒரு ஏக்கம்! "மீதி?" என்றேன். "அது புக்குல பாரு" என்று மேலே துணியைப் போட்டு மூடிவிட்டார்.

வாசிப்பு நாள் வாரத்துத் திங்கட்கிழமை காலையில் மேடம் அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களை போனில் அனுப்பினார். நான் ரயில்வே கேட்டில் நின்றபடி திறந்தேன்.

குழந்தைகளே, யானை இருந்தது. முன்பக்கம் ஒரு தலை. பின்பக்கமும் ஒரு தலை. இரண்டு தும்பிக்கை, நாலு தந்தம், நாலு காது. வால் இல்லை. அடுத்த பக்கம் புரட்டினேன், அதிலும் அப்படியே. எட்டுப் படத்திலும் எட்டு இரட்டைத்தலை யானைகள். கீழே என் எழுத்து: "என் வால் எங்கே? என் வால் எங்கே?"

கேட் திறந்தது கூட எனக்குத் தெரியவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்ததோடு நிறுத்தாமல் இறங்கியே வந்துவிட்டார்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே மாடிக்கு ஓடினேன். "பாய், வால் எங்க பாய்?"

பாய் போனை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் அதிர்ச்சி. ஆனால் அவர் அதிர்ச்சி வேறு. "அரே, நான் எழுதித்தானே குடுத்தேன்? கரெக்டா திருப்பிப் போட்டிருக்காங்களே?"

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. புடவைக்கு டிசைன் போடுகிறவர்கள் கட்டம் போட்ட காகிதத்தில் நடுவே ஒரு கோடு போடுவார்கள். பூவோ அன்னமோ, கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி மட்டும்தான் வரைவார்கள். மீதிப் பாதியைத் தறி தானாகத் திருப்பி நெய்துகொள்ளும். பாய் முப்பது வருஷம் அப்படியே வரைந்தவர். புத்தகத்துக்கும் பாதி வரைந்து, கீழே "மீதி திருப்பிப் போடவும்" என்று எழுதிக் கொடுப்பார். ஆந்தைக்கும் பட்டாம்பூச்சிக்கும் சூரியகாந்திக்கும் அது சரியாக வந்தது. யானை பக்கவாட்டில் நிற்கிற பிராணி என்று யாருமே யோசிக்கவில்லை.

மேடத்துக்கு போன் பண்ணினேன். "நாளைக்கு நாலு மணிக்குள்ள சரியான படம் வரணும் சார். இல்லன்னா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம்! வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு எழுந்து நிற்கப்போகும் ஜெனி என் கண் முன்னால் வந்தாள். அந்தப் பின் பெஞ்சுப் பையனும் வந்தான்.

பாய் புதுக் காகிதம் எடுத்தார். தும்பிக்கையில் ஆரம்பித்தார். தலை வந்தது, முன்னங்கால் வந்தது, நடுக்கோடு வந்தது. கை நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றது. திங்கட்கிழமை முழுக்க நாலு யானை, நாலும் வயிற்றோடு நின்றன. மறுநாள் காலையிலும் அதே கதை. "கோட்டைத் தாண்ட மாட்டேங்குதுப்பா" என்று கையைத் தூக்கிக் காட்டினார். அது தன் கை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கை என்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மும்தாஜ் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஏங்க, இந்தப் பக்கத்துலேந்து போற கை கோட்டுல நிக்குதில்ல? அந்தப் பக்கம் வால்லேந்து ஆரம்பிச்சு வாங்க. அதுவும் கோட்டுலதான நிக்கும்? நின்னா நிக்கட்டுமே!"

பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒன்றரை நாள் யோசித்தும் வராத யோசனை.

வாலிலிருந்து ஆரம்பித்தார். சர சரவென்று வந்து கோட்டில் நின்றது. எட்டு யானைக்கும் எட்டுப் பின்பக்கம். பழைய முன்பக்கங்களோடு வைத்து அடியில் டேப் ஒட்டினோம். வர்ணம் அடிக்கப் போனால் அடுத்த அதிர்ச்சி. சாம்பல் வர்ணம் முழுக்க முன்பக்கங்களிலேயே தீர்ந்துபோயிருந்தது. மணி இரண்டேகால்.

"வேற என்னா கலர் இருக்குது பாய்?"

"அரக்கு" என்றார். "அரக்கு மட்டும் எவ்ளோ வேணும்னாலும் இருக்குது."

"அரக்குச் சிவப்புல யானையா?"

பாய் முகத்தில் அப்போதுதான் ஒரு வெளிச்சம். "ஏம்பா, உடம்பு ஒரு கலரு, பார்டர் ஒரு கலரு, ரெண்டையும் கோர்வை போட்டுச் சேக்குறதில்லையா? நம்ம ஊருப் புடவைக்கு ஒத்துக்கறாங்க, நம்ம ஊரு யானைக்கு ஒத்துக்க மாட்டாங்களா?" சாம்பலும் அரக்கும் சேருகிற இடத்தில் பல் பல்லாகக் கோர்த்து விட்டார், புடவையில் போடுகிற மாதிரியே.

மூணு பத்து. படங்கள் ஈரம். தூக்கினால் டேப் விட்டுவிடும். படத்தை ஸ்கேன் பண்ணும் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம். மூணரைக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடும். ஒரே வழிதான். கதவோடு தூக்கினோம்.

"அப்பாடா, கதவு வெளிய போவுது!" என்றார் மும்தாஜ் அக்கா. "திரும்பி வந்தா நேரா பாத்ரூமுக்குத்தான் போவணும், சொல்லிட்டேன்."

வேன் சீட்டுகளின் முதுகுமேல் கதவைப் படுக்க வைத்தோம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஏறினார்கள். பன்னிரண்டு தலைகளும் கதவைச் சுற்றி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த மாதிரி. பாய் உத்தரவு போட்டார்: "யானை காயணும். ஊதுங்கடா கண்ணுங்களா!" பன்னிரண்டு பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார்கள். ஒருத்தன் ஊதினதில் எச்சில் தெறித்து ஏழாவது யானைக்கு மச்சம் விழுந்தது. அது புத்தகத்திலும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

சிக்னலில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னாய்யா இது?"

"பாத்ரூம் கதவு சார்."

"பசங்க ஏன் ஊதிக்கினு இருக்காங்க?"

"யானை காயணும் சார்" என்றது பன்னிரண்டு குரல்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "போங்க" என்றார்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது படங்கள் போய்ச் சேர்ந்தன. மேடத்தின் போன் வந்தது. "சார், யானைக்குப் பின்னாடி ஏன் சிவப்பு?"

"கோர்வை மேடம்."

புத்தகம் போச்சு என்று நினைத்தேன். அப்புறம், "என் கல்யாணப் புடவை இதே காம்பினேஷன்தான் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஒரே ஒரு புத்தகம் வந்தது. ஜெனி அதைச் சீருடைக்குள் வைத்து எடுத்துப்போனாள். நான் வேனைத் துடைக்கிற சாக்கில் அவள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். திணறாமல் படித்தாள். முடிக்கிற நேரத்தில் அதே பின் பெஞ்சுக் குரல்: "யானை ஏன் ரெண்டு கலரு?"

என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. இதற்கு நான் அவளுக்குப் பதில் சொல்லித் தரவில்லையே!

ஜெனி யோசிக்கவே இல்லை. "அதனாலதான்டா அது தேடுது. வாலைப் பாத்துச்சு, சிவப்பா இருந்துச்சு. இது வேற யாரோடதோன்னு நெனச்சுக்கிச்சு."

நான் எழுதின கதைக்கு எனக்கே தெரியாத காரணம்! அந்தப் பின் பெஞ்சுப் பையன் புத்தகத்தைக் கை நீட்டிக் கேட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

அதைச் சொல்ல நேரே பாயிடம் போனேன். கறிக்கடைக்கு எதிர் டீக்கடையில் நின்றிருந்தார். சொன்னேன். கேட்டுக்கொண்டே டீயைக் குடித்தார், குடித்தார், டம்ளர் காலியாகும் வரைக்கும் குடித்தார். பாய் முழு டீ குடித்து அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. காலி டம்ளரைக் கண்ணால் பார்த்ததும் அவருக்கே திக்கென்றது.

"அரே, உன் பாதி!" என்று இன்னொரு டீ சொன்னார்.

பாய் இப்போது வேலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பாத்ரூம் கதவும் கூடவே போயிருக்கிறது. நான் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது அந்தக் கடையில் ஒரு டீ சொல்லுவேன். பாதியில் நிறுத்தி, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்து நிற்பேன். டீ ஆறிப்போகும். அப்புறம் அந்தப் பாதியையும் நானே குடித்துவிடுவேன். சர்க்கரை இன்னமும் அடியில்தான் இருக்கிறது.