ஞானப்பூவின் நாவலுக்கு வாசித்த மூன்று ஓலை

எந்த வரைபடத்திலும் குறிக்கப்படாத ஒரு கடலின் நடுவே தாழைத்தீவு என்றொரு நாடு இருந்தது. அதற்குப் பெருந்தலைவர் ஒருவர் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வைத்து, அவர் ஒருவரே நின்று, அவரே ஜெயிப்பார். எதிர்த்து நிற்க ஆளே இல்லாதபோதும் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு வாக்குக் கேட்ட அவருடைய பணிவைப் பாடப்புத்தகத்தில் சேர்த்திருந்தார்கள்.

தீவில் ஒரே தேவாலயம், அதன் வளாகத்தில் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. கல்யாணம் நிச்சயமானால் அந்தக் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்த வழக்கம் அரசாங்கத்துக்கு மிகவும் பிடித்துப்போய், இனிமேல் புத்தகங்களுக்கும் மூன்று ஓலை வாசிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. மூன்றாம் ஓலை முடிவதற்குள் நூறு பேர் மனம் புண்பட்டதாகப் பதிவு செய்தால், எழுதியவரைப் படகில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வர முடியாது.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவள் ஞானப்பூ. கோயிலில் வருடா வருடம் நடக்கும் அசன விருந்துக்கு அண்டா தேய்க்கிறவள். ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பொதுச் சாப்பாடு அது. தேய்க்கிறவர்களுக்கு மட்டும் கடைசியில், பின்வாசலில் இலை விழும். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஒரு நாவல் எழுதினாள். பெயர் ‘பின்வாசல் பந்தி’. அதில் ஆண்டவர் ஓர் அசனத்தன்று தீவுக்கு வருகிறார். நேராகப் பின்பக்கம் போய், பெண்களோடு சேர்ந்து அண்டா தேய்த்து, அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார். கோயிலுக்குள் அவர் வருவதே இல்லை. கதை அவ்வளவுதான். இதற்காக ஒரு மனுஷியை நாடு கடத்துவார்களா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

முதல் ஞாயிறு போதகர் அருமைநாயகம் ஓலையை வாசித்தார். மனப்புண் ஆணையர் திரவியராஜ் முன்வரிசையில் பதிவேட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். புண்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் சபைக் கமிட்டிச் செயலாளர், மற்றவர் அவருடைய தம்பி.

“இரண்டா? மக்களின் உணர்வுகள் மழுங்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தட்டி எழுப்புவது அரசின் கடமை” என்றார் ஆணையர்.

தட்டி எழுப்பினார்கள். மனம் புண்பட்டவர்களுக்குச் சிவப்பு நாடா குத்தப்படும், அவர்கள் கிணற்றடி வரிசையில் முதலில் நிற்கலாம் என்று ஆணை வந்தது. அது கோடைக்காலம். வரிசையின் கடைசியில் நிற்கிறவன் குடத்தில் சேறுதான் வரும். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு பேர் புண்பட்டுவிட்டார்கள். சிலர் குடத்தோடு வந்தே புண்பட்டார்கள்.

அடுத்த ஆணையில், புத்தகத்தைப் படித்தவர்களும் படிக்கக் கேட்டவர்களும் மனம் புண்பட முடியாது என்றார்கள். கதையில் லயித்து நடுநிலை தவறியிருப்பார்கள் அல்லவா? படிக்காத மனமே களங்கமில்லாத மனம் என்று பெருந்தலைவரே விளக்கினார்.

ஞானப்பூவின் பக்கத்து வீட்டுக்காரி தங்கநேசம். இருவரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். ஒருநாள் அவள் சேலையிலும் சிவப்பு நாடா தெரிந்தது.

“ஏட்டி ஞானப்பூ, கோவிச்சுக்காத. மக கைப்புள்ளையோட வந்துருக்கா. தண்ணி வேணும்லா? நான் பட்டும் படாமலும்தான் புண்பட்டிருக்கேன்.”

“புஸ்தகத்தப் படிச்சியா?”

“படிச்சா புண்பட விடமாட்டாவளாம். சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“நான் போனா எங்க வீட்டுக்காரர் கல்லறைக்கு யாரு விளக்கு வைப்பா?”

தங்கநேசம் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் ஓலை முடிந்ததும் மூன்றாவது ஆணை வந்தது. மனம் புண்படாதவர்கள் மனமே இல்லாதவர்கள். ஆகவே அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஒரே வேட்பாளர் உள்ள நாட்டில் அதனால் என்ன நஷ்டம் என்று நினைக்காதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சாகக் கிடந்த கிழவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்து புண்பட வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எண்ணிக்கை தொண்ணூற்றொன்பது. வாசலில் இன்னும் பதினேழு பேர் நின்றார்கள். அலுவலக நேரம் முடிந்துவிட்டது, நாளைக்குக் கோயிலில் வந்து புண்படுங்கள் என்று எழுத்தர் கதவைச் சாத்திவிட்டார்.

அருமைநாயகம் போதகர் பயந்த சுபாவம். ஆனால் அன்றைக்கு இரண்டாவது ஆணையைத் திரும்பத் திரும்பப் படித்தவர் சட்டென்று எழுந்து ஞானப்பூ வீட்டுக்குப் போனார்.

“அம்மா, நாளைக்கு நீங்க கோயில்ல வந்து உங்க நாவல வாசிக்கணும். பீடத்துப் பக்கத்துல நாற்காலி போடுதேன். நீங்க நம்ம சபையோட விருந்தாளி.”

“என்ன ஐயா சொல்லுதீய? உங்க வேலை போயிராதா?”

“கேட்டவன் புண்பட முடியாதுன்னு அவங்கதான எழுதி வச்சிருக்காங்க? மொத்த ஊரும் கேக்கட்டும். நூறாவது ஆளுக்கு எங்க போவாங்கன்னு பாப்போம்.”

ஆணையர் தடுப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் தடுக்கவில்லை. நேரிலே கேட்டால் ஜனங்கள் இன்னும் பலமாகப் புண்படுவார்கள் என்று எண்ணிக்கொண்டு அவரே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். தான் போட்ட ஆணை அவருக்கே ஞாபகமில்லை. அந்த நாட்டில் ஆணைகளை எழுதுகிறவர்கள் அவற்றைப் படிப்பதில்லை.

ஞானப்பூ பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாள். இத்தனை வருடம் பின்வாசல் வழியாக மட்டுமே வந்து போனவள். மூன்று மணி நேரம் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஆண்டவர் கரிபிடித்த கையை ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பில் துடைக்கட்டுமா என்று கேட்கும் இடத்தில் யாரோ விசும்பினார்கள். தொடர்ந்து பத்துப் பேர் அழுதார்கள். சிலர் நாடாவைப் பிய்த்துத் தரையில் போட்டார்கள்.

“கழற்றலாம். எண்ணிக்கை குறையாது” என்றார் ஆணையர்.

போதகர் மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டுக் கேட்டார்: “இனி மனம் புண்படுகிறவர்கள் யாராவது உண்டா?” முந்தின நாள் அலுவலக வாசலில் நின்ற பதினேழு பேரும் எழுந்தார்கள். பதினேழு பேரும் கேட்டவர்கள் என்று போதகர் சட்டத்தைக் காட்டினார். ஆணையர் வாசலில் நின்ற காவலர்களைப் பார்த்தார். அவர்களும் கேட்டவர்கள். தானே புண்படலாமா என்று யோசித்தார். மூன்று மணி நேரமும் முன்வரிசையில் இருந்தது அவர்தானே! சபையில் யாரோ சிரித்தே விட்டார்கள். போதகருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஞானப்பூ பிழைத்தாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆணையர் பதிவேட்டை மூடவில்லை. சட்டப் புத்தகத்தை ஒருமுறை நிதானமாகப் புரட்டினார். பிறகு எழுந்து ஞானப்பூவிடம் போய், ஒரு தம்ளர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அவர் குரல் அவ்வளவு கனிவாக இருந்து நான் கேட்டதே இல்லை.

“உட்காருங்கள் அம்மா. களைத்திருப்பீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். இந்தப் புத்தகத்தால் இந்த மூன்று வாரத்தில் உங்கள் மனம் புண்பட்டதா?”

மூன்று வாரத்தில் அவளிடம் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஊர்க்காரர்களோ தங்கநேசமோ கேட்கவில்லை, நல்லது செய்த போதகரும்கூடக் கேட்கவில்லை. அவள் தங்கநேசம் இருந்த பக்கம் பார்த்தாள்.

“புண்படாம இருக்குமாய்யா? முப்பது வருசமா இவியளுக்குத்தான அண்டா தேச்சேன். நெஞ்செல்லாம் வலிக்கி.”

“எழுதிக்கொள்” என்றார் ஆணையர் எழுத்தரிடம். “நூறு.”

“அவங்க எழுதினவங்க!” என்று போதகர் கத்தினார். அவர் கத்தியதை அதுவரை யாரும் கேட்டதில்லை.

“படித்தவர் கூடாது, கேட்டவர் கூடாது. தான் எழுதியதைத் தானே வாசிக்கிறவர் படித்தவர் ஆகமாட்டார். எழுதியவர் கூடாதென்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.”

போதகர் புரட்டினார். இல்லை. ஞானப்பூவின் கையில் தம்ளர் அப்படியே இருந்தது, ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. என்ன நடந்தது என்பது அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது. எங்களுக்கு உடனே புரிந்தது. முந்நூறு பேர் இருந்தோம், ஒருவர்கூட அசையவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று மதியமே படகு கிளம்பிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகத் தங்கநேசம் போய் நின்றாள்.

“என் மனசு புண்பட்டிருக்குன்னு எழுதணும்யா.”

“எந்தப் புத்தகத்தால்?”

“புஸ்தகத்தால இல்ல. நீங்க அவளப் படகுல ஏத்துனதால.”

எழுத்தர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் பார்த்தார். புத்தகத்தின் பெயர் எழுத ஒரு கட்டம் இருந்தது. வேறு கட்டம் இல்லை.

“அதற்கெல்லாம் மனம் புண்படாதம்மா” என்றார் அவர். “அடுத்த ஆளை வரச் சொல்லுங்கள்.”