பெட்டிக்குள் பெட்டி

"ஏம்மா ஜெயக்கொடி, காஸ் துணியைப் பெருசாக்கச் சொன்னா, என் மீசையைப் பெருசாக்கி வச்சிருக்க?"

காயத்துக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணி நெய்யும் இராஜபாளையத்துப் பேண்டேஜ் ஆலையின் முதலாளி சங்கரலிங்கம் கணினித் திரையைக் கண்டு பதறினார். அவர் திருமுகம் திரையை நிறைத்து, மீசையின் இரு நுனியும் விளிம்பைக் கடந்திருந்தன.

அது 1999. பிற்பகல் நான்கு மணிக்குச் சிங்கப்பூர் வணிகர் ஒருவர் ஆலையின் இணையப் பக்கத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. பக்கம் பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வந்து அந்தப் பக்கத்தைக் கட்டும் ஜெயக்கொடியின் மூன்று மாத வேலைக்கு அன்றே மங்களம்.

பேண்டேஜ் ரோலை உறையிலும் உறையை அட்டைப்பெட்டியிலும் அடைப்பதுபோலவே பக்கத்தையும் கட்டச் சொல்லியிருந்தார் முதலாளி. கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம். காஸ் என்னும் பெயரை அமுக்கினால், திருச்சுற்றுகள் யாவும் கடந்து கருவறை காண்பார்போல் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உட்புகுந்து, அந்தத் துணிப் படத்தை மட்டும் பெரிதாக்க வேண்டும்.

"காஸ் பெட்டிக்குள்ள இருக்கிற படம் அம்புட்டையும் பெருசாக்குன்னு எழுதிட்டேன் அண்ணாச்சி. உங்க போட்டோவும் அதுக்குள்ளதான் இருக்கு."

"அதை எடுக்கப்பிடாது."

காஸ் பெட்டிக்கு நேர் உள்ளே இருக்கும் அடுக்கில் மட்டும் தேடுமாறு மாற்றினாள். அமுக்கினாள். ஒன்றும் அசையவில்லை.

"என்னம்மா, செத்துப் போச்சா?"

"நான் எழுதாத ஒரு அடுக்கை பிரவுசரே நடுவுல செருகியிருக்கு அண்ணாச்சி."

"என் ஆலைக்குள்ள என்னைக் கேக்காம எவன் செருகுறது?"

மணி மூன்றரை. ஜெயக்கொடி அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதினாள். எண்ணிக்கை பிசகி, பக்கத்தின் உச்சியில் வீற்றிருந்த பிள்ளையார் திரையெங்கும் எழுந்தருளினார். சங்கரலிங்கம் வாய்வரை வந்த வசவை விழுங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நாலு மணிக்கு அவிய பாக்கப் போறாவ தாயி!"

"செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி!"

இறுதியில் அந்தப் படத்துக்கே தனிப்பெயர் சூட்டி, அப்பெயரால் அழைத்தாள். காஸ் துணி பாற்கடலென விரிந்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு, இணையத்தில் ஏற்கெனவே இருந்த பழைய பக்கத்தின் இடத்தில் புதியதை ஏற்றிவிட்டு மூச்சு விட்டாள்.

ஃபேக்ஸ் அறையிலிருந்து குமாஸ்தா ஐயாதுரை தாளோடு ஓடிவந்தார்.

"சிங்கப்பூர்க்காரவிய எழுதியிருக்காவ அண்ணாச்சி! நாலு மணிக்குக் காத்திராம காலையிலேயே திறந்த நம்ம பழைய பக்கம் இன்னும் பாதிகூட வந்து சேரலையாம். இனி காத்திருக்க ஏலாதுன்னு, நாம முன்னமே தபால்ல அனுப்புன சாம்பிள் துணியைத் தொட்டுப் பாத்தே ஆர்டர் போட்டுட்டாவ!"