தலைப்பாகை இல்லாத ஆல்பம்

மகளின் கல்யாண ஆல்பத்தில் மச்சானின் மீசை நுனிகூட இருக்கக் கூடாது என்று கோவிந்தராஜ் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பனிப்புகையாய் மஞ்சு இறங்கி எதிர்வீடே தெரியவில்லை. எதிர்வீடு தெரியாமல் போனதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்காரரோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. காய்கறிக் கடைக்காரரோடு மூன்று வருஷம். காலைப் பஸ் கண்டக்டரோடு போன தைப்பூசத்திலிருந்து பேச்சில்லை. ஏற்காடு சின்ன ஊர். இதே வேகத்தில் போனால் இன்னும் இரண்டு வருஷத்தில் ஏரியோடு மட்டும்தான் அவர் பேச முடியும்.

முந்தின நாள் சாயங்காலம் பூனாவிலிருந்து மகள் மோனிஷா போன் செய்திருந்தாள். அவள் அம்மாவுக்குத்தான் போன் செய்வாள். அந்த நேரத்தில் கோவிந்தராஜ் அடுப்படி வாசலில் நின்று துண்டை மடிப்பார். மடித்த துண்டை உதறி மறுபடியும் மடிப்பார். கடைசியில் ராஜேஸ்வரி, "அப்பா இங்கதான் இருக்காரு, குடுக்கட்டுமா கண்ணு?" என்பாள். பரவாயில்லை, கேட்டதாகச் சொல்லு என்று பதில் வரும். கோவிந்தராஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அன்றைக்குப் போனில் மோனிஷா ஒன்று கேட்டாள். மே மாசம் குழந்தையோடு வருகிறாளாம். கல்யாணமாகி நாலு வருஷமாச்சு, ஆல்பம் எங்கே என்று மாமியார் வீட்டில் கேட்கிறார்களாம். வருவதற்குள் ஒன்று போட்டு வைக்க முடியுமா என்றாள்.

ஆல்பம் இல்லாமல் போனதற்குக் காரணம் கோவிந்தராஜ் இல்லை. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்.

கல்யாணம் சேலத்தில், விடியற்காலை முகூர்த்தம். ராஜேஸ்வரியின் அண்ணன் சித்தேஸ்வரன், இளம்பிள்ளையில் சேலை வியாபாரி, தாய்மாமன் என்கிற முறையில் ரோஸ் கலர் தலைப்பாகை கட்டிக்கொண்டு மேடை ஏறினார். அந்தத் தலைப்பாகைக்கு ஒரு முழுச் சேலை போயிருக்கும், முந்தானையோடு. கோவிந்தராஜ் தாரை வார்த்துக் கொடுத்துக் கையைத் துடைத்தார். தாலி கட்டப் போகிற நேரம். சித்தேஸ்வரன் அவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"மாப்ளை, சித்த தள்ளி நில்லுங்க. கேமராவுக்கு மறைக்குது."

பெற்ற தகப்பன். கேமராவுக்கு மறைக்கிறானாம்.

கோவிந்தராஜ் தள்ளி நின்றார். ஓர் அடி தள்ளினார். மனசு ஆறவில்லை, இன்னோர் அடி தள்ளினார். மேடையை விட்டு இறங்கினார். பந்திக் கூடத்தைத் தாண்டினார். மண்டபத்தின் பின்பக்கம், சமையல் கொட்டகை வரைக்கும் தள்ளிப் போய் நின்றுவிட்டார். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று ஓர் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் கேட்டது. யாரும் வரவில்லை. பாத்திரம் எடுக்க வந்த ஒரு பொம்பளை மட்டும், கொஞ்சம் நகர்ந்துக்கங்க என்றாள்.

போட்டோ எடுத்தவர் ஏற்காட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கிங்ஸ்டன். ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்யக் கூப்பிட்டுக் காட்டினார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் தலைப்பாகை. ஒரு படத்தில் தலைப்பாகைக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தது. அது தன் காது என்று கண்டுபிடிக்க கோவிந்தராஜுக்குச் சற்று நேரம் பிடித்தது. பெண்ணைப் பெற்றவனின் காதைப் படம் பிடிக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேனா என்று சத்தம் போட்டார். ஆல்பமும் வேண்டாம், கீல்பமும் வேண்டாம், எடுத்ததை எடுத்தபடி கொடு என்றார்.

கிங்ஸ்டன் எடுத்ததை எடுத்தபடியே கொடுத்துவிட்டார். ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் இருந்ததெல்லாம் ரா ஃபைல். கேமரா பார்த்ததை அப்படியே அள்ளிக் கொட்டி வைத்தது, உலையில் போடாத அரிசி மாதிரி. வெளிச்சம், நிறம் எல்லாம் பதம் பார்த்து, ஜேபெக்காக மாற்றினால்தான் பிரிண்ட் போட முடியும். நாலு வருஷமாக அந்த அரிசி பீரோவில் கிடந்தது.

கிங்ஸ்டனிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார். ஆனால் கிங்ஸ்டனோடு பேச்சில்லையே. அதனால் கோவிந்தராஜ் தானே வேகவைப்பது என்று முடிவு செய்தார். வேகவைக்கிற சாக்கில் மச்சானைக் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எறிந்துவிடலாம். தான் இல்லாத கல்யாணத்தில் அவனும் இருக்க வேண்டாம்.

அவர் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் முப்பது வருஷம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். இருபது கொண்டை ஊசி வளைவையும் மஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு ஒடித்தவனுக்கு ஒரு மவுஸை ஒடிக்க வராதா? மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் தூசி தட்டினார். யூடியூப்பில் தமிழில் பாடம் இருந்தது, மொத்தம் பதினாலு. முதல் பாடத்தில் வாத்தியார் வணக்கம் சொல்லவே நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டார். கோவிந்தராஜுக்குக் கோபம் வந்து நேராக மூன்றாம் பாடத்துக்குப் போய்விட்டார். அந்த வாத்தியாரோடும் அன்றிலிருந்து பாதிப் பகை.

ராஜேஸ்வரி காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் போய்விடுவாள். ஆன்மேரி அம்மாவின் காட்டேஜில் டூரிஸ்ட்டுகளுக்குச் சமைக்கிற வேலை. திரும்ப ஐந்து மணியாகும். அதுவரைக்கும் வீட்டில் கோவிந்தராஜும் லேப்டாப்பும் ஜன்னலில் மஞ்சும்தான். பேசுவதற்கு அந்த வாத்தியார் ஒருவர்தான். அவரும் கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டார்.

இரண்டு வாரத்தில் கை படிந்தது. ஒரு கோட்டில் ஒரு குமிழ் இருக்கும். அதை இந்தப் பக்கம் தள்ளினால் படம் நீலமாகும், அந்தப் பக்கம் தள்ளினால் மஞ்சளாகும். மச்சானை முழு மஞ்சளுக்குத் தள்ளிப் பார்த்தார். காமாலை கண்டவர் மாதிரி ஆனார். நீலத்துக்குத் தள்ளினார். பாம்பு கடித்த மாதிரி ஆனார். அன்றைக்கு மத்தியானம் கோவிந்தராஜ் வயிறாரச் சாப்பிட்டார்.

வெட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. வேறு யாரையாவது வெட்ட நினைத்திருந்தால் சுலபம். தாய்மாமனை எப்படி வெட்டுவது? பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருகிறவர் அவர். மாலை போடுகிறவர் அவர். நெற்றியில் பட்டம் கட்டுகிறவர் அவர். வலப்பக்கம் வெட்டினால் இடப்பக்கம் அவர் கை இருக்கும். கையை வெட்டினால் மோனிஷாவின் தோளும் கூடவே போகும். ஒரு படத்தில் மாப்பிள்ளைக்குப் பாதிதான் மிச்சம். இன்னொன்றில் மேலேயிருந்து இரண்டு கை மட்டும் இறங்கி வந்து மோனிஷாவுக்குப் பட்டம் கட்டியது. பார்ப்பவர்கள் சாமி கை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இதற்கு நடுவில் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ராஜேஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

முப்பது வருஷமாக அவள் சாயங்காலம் வந்தால் காலைக் கழுவுவாள், அடுப்பைப் பற்றவைப்பாள், டிவியைப் போடுவாள். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தை செலவானால் அதிகம். இப்போது இரண்டு டம்ளரில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இது என்னங்க, அது என்னங்க என்று கேட்டாள். கோவிந்தராஜ் சொல்லிக் கொடுத்தார். இருட்டை எடுக்கிற குமிழ் எது, வெளிச்சத்தை அடக்குகிற குமிழ் எது, ஜேபெக் ஆக்க எங்கே அமுக்க வேண்டும், எல்லாம். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள். தன் பேச்சை ஒருவர் தலையை ஆட்டிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே ஞாபகம் இல்லை. நாலரை மணிக்கே சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு நாள் அசந்து, அந்தப் பட்டம் கட்டும் படத்தைத் திறந்துவிட்டார்.

"இது யாரு கையிங்க?"

"அய்யரு கை."

"அய்யரு இத்தா பெரிய பவள மோதிரம் போட்டிருந்தாருங்களா?"

"போட்டிருப்பாரு. நானென்ன கண்டேன். என்னையத்தான் தள்ளி நிறுத்திப்போட்டாங்களே."

ராஜேஸ்வரி சண்டை போடவில்லை. அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காபி வேணுமா என்று கேட்டாள். வேணும் என்றார். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, அவர் கண் கோவைப்பழமாகச் சிவந்து கிடப்பதாக அவளுக்குத் தோன்றியது. "இந்தப் பொட்டியவே பாத்துப் பாத்து நொம்பக் கெட்டுப்போச்சுங்க. சேலத்துக்குப் போயிக் காட்டிட்டு வாங்க" என்றாள். கூட வரட்டுமா என்று கேட்காதது அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தன் கண்ணைப் பற்றிக் கவலைப்பட ஒருத்தி இருக்கிறாளே என்று போனார். காலைப் பஸ்தான் கிடைத்தது. கண்டக்டரிடம் வாயைத் திறக்காமல் விரலைக் காட்டி டிக்கெட் வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு மருந்தை ஊற்றி, அரை நாள் உட்காரவைத்து, கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை என்று அனுப்பினார்கள். சொட்டு மருந்தினால் பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லை. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. தட்டுத் தடவி வீடு வந்து சேர்ந்தபோது ராஜேஸ்வரி லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாளாம்.

"மீதி வேலய நான் பாக்கறனுங்க. நீங்க வாயில சொன்னாப் போதும். உங்க கண்ணுதான் இன்னிக்கு ஆவாதே."

கோவிந்தராஜுக்கு அவள் தலை ஒரு கருப்பு உருண்டையாகத் தெரிந்தது. திரை ஒரு வெள்ளைச் சதுரம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நெஞ்சு நிறைந்திருந்தது.

"இங்க ஒருத்தரு மூஞ்சி மங்கலா இருக்குதுங்க."

"மாப்பிள்ளையாத்தான் இருக்கும். வெளிச்சத்த ஏத்து."

"ஏத்திட்டனுங்க. துணி கலரு செத்துக் கெடக்குது."

"அதுக்குக் கீழ மூணாவது குமிழு. வலக்கைப் பக்கம் தள்ளு. இன்னும் தள்ளு. எப்படி இருக்குது?"

"ரோஸ் கலரு அப்படியே அள்ளுதுங்க."

சேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"இது ஒண்ணு ஒரே இருட்டா இருக்குதுங்க. தூக்கிப் போட்டுரட்டுமா?"

"அதான் தப்பு. ரா ஃபைலுல இருட்டுக்குள்ள எல்லாம் அப்படியே கெடக்கும். நிழலை எடுக்கற குமிழத் தள்ளிப் பாரு. ஏதாச்சும் தெரியுதா?"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"தெரியுதுங்க" என்றாள்.

பிறகு மூக்கை உறிஞ்சினாள். மஞ்சினால் உனக்குச் சளி பிடித்திருக்கும், கசாயம் வைத்துக் குடி என்றார் கோவிந்தராஜ்.

மறுநாள் அவளே ஒரு பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு கிங்ஸ்டனிடம் போனாள். பிரிண்டுக்கு அவர்தான் அனுப்ப வேண்டும், இவருக்கோ அவரோடு பேச்சில்லை. அந்தத் தெருவில் பாதிப் பேரோடு இவருக்குப் பேச்சில்லை. இப்படி ஒரு மனைவி வாய்த்தது பாக்கியம் என்று வாசலில் நின்று வழியனுப்பினார்.

மே மாசம் மோனிஷா வந்தாள். கிங்ஸ்டன் ஆல்பத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார், சிலேட்டுப் பலகை கனத்தில் அட்டை. எல்லோரும் பாயில் உட்கார, கோவிந்தராஜ் ஒரு தொழில்காரனின் மிடுக்கோடு தானே திறந்தார்.

முதல் பக்கத்தில் சித்தேஸ்வரன்.

ரோஸ் கலர் தலைப்பாகை அள்ளிக்கொண்டு போனது. இரண்டாம் பக்கத்தில் சித்தேஸ்வரன், பவள மோதிரத்தோடு. மூன்றாம் பக்கத்தில் மீசையின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு பதமாக இந்த ஊரில் யாரும் ஒரு படத்தை வேகவைத்ததில்லை.

"வெட்டுனேனே?" என்றார்.

"மொதப் பாடத்துலயே அந்த வாத்தியாரு சொல்றாருங்க. ரா ஃபைல வெட்டுனாலும் வெட்டு விழாதாமா. ஒரு பட்டன அமுக்குனா பழயபடி முழுசா வந்துருமாமா. காட்டேஜுல வெங்காயம் உரிக்கறப்பப் போனுல கேட்டனுங்க. நீங்க அதக் கேக்கலீங்களா?"

கோவிந்தராஜுக்கு எழுந்து போக வேண்டும்போல் இருந்தது. எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம், ஏரி வரைக்கும் போகலாமா என்று யோசித்தார். அதற்குள் மோனிஷா மீதியைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். கருப்பு விலகிக் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. ஒரு கொட்டகை. கவிழ்த்த அண்டாவின்மேல் பட்டு வேட்டி கட்டிய ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார். மேடை இருக்கும் பக்கம் தலை சாய்ந்திருக்கிறது.

மோனிஷா ஆல்பத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். தாலி கட்டும்போது அப்பா எங்கே என்று தான் தேடியதாகவும், அம்மாதான் கிங்ஸ்டனோடு வந்த ஒரு போட்டோக்காரப் பையனை ஓடிப்போய்ப் பார்த்து வரச் சொன்னதாகவும் மோனிஷா மெதுவாகச் சொன்னாள். அவன் பார்த்தான், படம் எடுத்தான், பயந்துபோய்க் கூப்பிடாமல் திரும்பிவிட்டானாம்.

அவள் படத்தைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"அப்பா, அழுதீங்களா?"

நாலு வருஷத்தில் மகள் அவர் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்ட முதல் கேள்வி. கோவிந்தராஜ் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார்.

"அழுவறனா? நானா? வெறகடுப்புப் பொகை, கண்ணு. சமையல் கொட்டாயில கண்ணு கரிக்காம என்ன பண்ணும்."

ராஜேஸ்வரி காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அன்னிக்குச் சமையல் முச்சூடும் கேஸ் அடுப்புலதானுங்க."