உடையாமல் உடைத்த பலகை

பிரமிடுகள் இத்தனை காலம் உடையாமல் நிற்பதற்கு ஒரே காரணம், அவற்றை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை என்பதே. இந்த மகத்தான உண்மையை உலகுக்கு வழங்கிய பெருமை எகிப்தின் ஃபையூம் பேரீச்சை நார் வலிமை ஆய்வகத்தையே சாரும்.

அங்கே இன்ஜினியராக வாய்த்தது நஷ்வா செய்த முன்வினை. பேரீச்ச நாரில் பிசின் ஊற்றி, கொட்டைப் பொடி கலந்து, அழுத்திச் செய்த பலகை அவளுடையது. பொடி கொஞ்சம் சேர்ந்தால் பலகை கெட்டிப்படும். கூடிப்போனால் ரஸ்க் மாதிரி நொறுங்கும். எவ்வளவு தாங்கும் என்று அறிய, துண்டுகளை எந்திரத்தில் மாட்டி உடையும்வரை இழுக்க வேண்டும். பென்ஷன் அலுவலக பெஞ்சுகளை இந்தப் பலகையில்தான் செய்யப்போகிறார்கள். அவளுடைய அப்பா மாதாமாதம் காத்துக்கிடப்பது அங்கேதான்.

முதல் துண்டை மாட்டியதுமே பண்டகக் காப்பாளர் மெத்வல்லி ஓடிவந்து எந்திரத்தின்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார்.

"இன்ஜினியரம்மா! எந்திரமும் இந்தத் துண்டும் என் பொறுப்புல பதிஞ்ச சர்க்கார் சொத்து! யார் கையில இருக்கறப்ப உடையுதோ, அவங்க தலையிலதான் விடியும்!"

"துண்டை உடைக்கறதுக்குத்தானே செஞ்சோம், உஸ்தாத்?"

"அப்ப உடைச்சே செஞ்சிருக்கலாமே!"

வழக்கு ஆய்வக இயக்குநர் பஹ்கத்திடம் போயிற்று. அவர் ஒரு 'உயர்மட்டக் குழு' அமைத்தார். குழு நிறைய டீ குடித்து, ஒருமனதாகத் தீர்மானித்தது: 'மாதிரிகளை உடையாத வண்ணம் உடைத்துப் பார்க்கவும்.'

அப்படியே நடந்தது. எந்திரத்தை அணைத்துவிட்டுத் துண்டை மாட்டினார்கள். எல்லாரும் சுற்றி நின்று அதை உற்றுப் பார்த்தார்கள். உடையவில்லை. பொடியைக் கூட்டினார்கள். உடையவில்லை. இன்னும் கூட்டினார்கள். நார் ஒப்புக்குத்தான் இருந்தது, அப்போதும் உடையவில்லை! கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

"சுவிட்சே போடலையே, பாஷா!" நஷ்வா இயக்குநரிடம் கதறினாள்.

"சுவிட்சைப் போட்டா எதும்மா உடையாது? நீயும் நானும்கூடத்தான் உடைவோம்," என்றார் பஹ்கத், அறிஞருக்குரிய பரிவோடு.

அந்தக் கலவையிலேயே செய்த பெஞ்சுகள் பென்ஷன் அலுவலகத்தில் வந்திறங்கின. நஷ்வா அப்பாவிடம் மன்றாடினாள்.

"அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நின்னுக்கிட்டே இருங்க."

"ஆயுசு பூரா ரயில் ஓட்டின முட்டிம்மா இது. நில்லுன்னா நிக்குமா?"

உட்கார்ந்தார். பெஞ்சு அவர் மனத்தை நோகடிக்காமல், இடுப்பை மட்டும் நோகடித்து உடைந்தது.

மறுநாள், குப்புறப் படுத்திருந்த பெரியவரைப் பார்க்க இயக்குநரும் மெத்வல்லியும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள்.

"உடைஞ்சப்ப பெஞ்சு எங்க இருந்துச்சு, ஹாஜி?" என்றார் மெத்வல்லி.

"எனக்குக் கீழ."

"பாத்தீங்களா, உங்க பொறுப்புதான்!" மெத்வல்லிக்கு உயிர் வந்தது.

பஹ்கத் குனிந்து, "என்ன எடை இருப்பீங்க?" என்றார்.

"எண்பத்து மூணு கிலோ."

"பிரமாதம்! பலகையோட வலிமை தெரிஞ்சுபோச்சு! சோதனை முடிஞ்சுது, நஷ்வா!"

பெரியவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "ஏம்மா, இதுக்கெல்லாம் உங்க ஆபீஸ்ல எந்திரம் இல்லையா?"

"இருக்குப்பா," என்றாள் நஷ்வா. "அது மெத்வல்லி பேர்ல பதிஞ்சிருக்கு. நீங்கதான் யார் பேர்லயும் பதியலையே!"