பதினோரு பானெட்டு

எங்காரு எஞ்சின மூடறதுக்குக் கார்பன் ஃபைபர் பானெட் வாங்கியே தீர்றதுன்னு முடிவு பண்ணிப்போட்டேனுங்க. கணபதியில ஒரு பம்ப் கம்பெனியில இருவத்திரெண்டு வருசமா லேத்துல நிக்கறவன் நான். இரும்போட கனம் எனக்குத் தெரியும். கார்பன் ஃபைபர் அப்படியில்லீங்க. பாய் முடைஞ்ச மாதிரி கறுப்பா பளபளன்னு இருக்கும். ஒத்தக் கையில தூக்கிரலாம்.

ஒரே சிக்கல். பத்துப் பேர் சேர்ந்து ஆர்டர் போட்டாத்தான் பாதி வெலை. எங்க மாடல் கார் வெச்சிருக்கறவங்களாத் தேடி வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சேன். ஒம்பது பேரப் புடிச்சாச்சு. பத்தாவது ஆளு நானு. எம்பேரு சேரோணும்னா எம்பட சம்சாரம் ஜோவிதா தலையாட்டோணும். அடுத்த ஞாயித்துக்கெழமையோட ஆர்டர் முடியுது.

ஜோவிதா பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு ஸ்கூல்ல லேப் அசிஸ்டெண்ட். எதையும் செஞ்சு பார்த்தாத்தான் நம்புவா. நானென்ன லேசா? நைட் கிளாஸ் போயி டிப்ளமா முடிச்சவன். பெட்ரோல் மிச்சமாகற கணக்கப் பேப்பர்ல எழுதி, கீழ கையெழுத்தும் போட்டேன். குரூப்ல ஒம்பது பேருக்கும் ஜெராக்ஸ் குடுத்தேன். "ஊட்டுல காட்டுங்க, மறுபேச்சே இருக்காது"ன்னேன்.

"என்னங்க இது?"ன்னா ஜோவிதா.

"பழைய பானெட்டு பதினாலு கிலோ. புதுசு ஆறு. எட்டுக் கிலோ மிச்சம்."

"மிச்சமாயி?"

"எட்டுக் கிலோ கொறஞ்சா லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் எச்சா ஓடும். இப்ப பதிமூணுதான் குடுக்குது."

"பானெட்டுல கொறச்சாத்தானுங்களா? வேற எங்க கொறச்சாலுமா?"

"எங்க கொறச்சாலும் கனம் கனந்தான் அம்மிணி. சயின்ஸு."

"அப்பச் சரிங்க. ஒரு வாரம் செஞ்சு பார்த்துரலாம்."

"பானெட்டு வாங்காம எப்படிச் செய்வ?"

அவ என்னத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தா.

"உங்க எடை என்னங்க?"

"எம்பத்தெட்டு."

"அடேங்கப்பா, எட்டெட்டாப் பார்த்தா பதினோரு பானெட்டு!"

தெனமும் அவளக் கார்ல கூட்டிட்டுப் போயி பஸ் ஸ்டாப்புல எறக்கி உட்டுப்போட்டு நான் கம்பெனிக்குப் போவேன். எல்லாஞ் சேர்த்து ரெண்டு கிலோமீட்டர். அதுக்கப்புறம் அவ பதினாலு கிலோமீட்டர் பஸ்ல நின்னுட்டே போவா.

"ரெண்டு பேரு போற வண்டியில ஒருத்தர எறக்கறோம். அவ்வளவுதானுங்க."

"அப்ப யாரு ஓட்டறது?"

"எனக்கு லைசென்ஸு இல்லீங்களா?"

இருந்துச்சுங்க. ரெண்டு வருசமா இருந்துச்சு. சாவியத்தான் நான் குடுத்ததில்ல.

திங்கக்கெழமை காலையில அவ ஹாரன் அடிச்சுட்டுப் போனா. நான் சோத்து டப்பாவத் தூக்கிட்டு நடந்தேன். சனிக்கெழமை டேங்க்க ரொப்பி, மீட்டரப் பார்த்துக் கணக்குப் போட்டா.

"பதினெட்டரைங்க! முன்ன பதிமூணு. பதினோரு பானெட்டுக்கு அரை அரையா அஞ்சரை. புள்ளி மாறலீங்களே!"

எனக்குத் தெரியாதுங்களா? சந்துக்குச் சந்து நின்னு நின்னு போன வண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டுல சீரா ஓடினா மைலேஜ் வராம என்ன செய்யும்? கனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சொல்ல வாயத் தொறந்தேன். பேப்பர்ல இருந்து எங்கையெழுத்து என்னயவே பார்த்துச்சு. கனம் காரணமில்லீனா பானெட்டு போச்சு. கனந்தான் காரணம்னா என்ற சீட்டு போச்சு.

"என்னமோ சொல்ல வந்தீங்க?"

"கணக்கு சரிதான்."

"அப்பக் கழட்ட வேண்டிய பார்ட்டு எதுன்னு தெரிஞ்சு போச்சுங்க. பைசா செலவில்ல."

சித்த நேரத்துல போன் அடிச்சுது. சென்னகிருஷ்ணன். பெயிண்ட் கடைக்காரரு, குரூப்ல மொத ஆளு.

"ஏனுங்க சத்தியசீலன், அந்தக் கணக்க உங்கள யாருங்க எழுதச் சொன்னது?"

"ஏனுங்க?"

"உங்கூட்டம்மா போன் பண்ணி ரிசல்ட்டச் சொல்லீட்டாங்க. எம்பட சம்சாரம் உங்க ஜெராக்ஸ ஃப்ரிட்ஜ்ல ஒட்டிப்போட்டா. நான் பன்னெண்டு பானெட்டாமுங்க!"

"சாவி?"

"அதையேன் கேக்கறீங்க."

மத்த எட்டு ஊட்டுக்கும் அதே போன் போயிருந்துச்சு. அதே பேப்பர், அதே கையெழுத்து.

ஆனா குரூப் கலையலீங்க. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வந்ததும் ஆர்டரும் போயிருச்சு. பத்துப் பேரும் சேர்ந்ததால பாதி வெலைதான். போட்டது ஜோவிதா. பத்து ஜோடி வாக்கிங் ஷூ.

கலர் மட்டும் எங்க இஷ்டமாமுங்க. கார்பன் கறுப்பு.