இருமுகிற வண்டியை வந்து எடுத்துக்கொண்டு போ

டொலீடோ, ஓஹையோ
ஆகஸ்ட், புதன்கிழமை

பேரன்புள்ள மச்சான் வெண்டெலுக்கு,

அத்தான் டுவைட் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஆர்லீனும் சுகம். கென்டக்கியில் நீயும் உன் நாய்களும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நிற்க. நீ இத்தனை வருஷமாகக் கண் வைத்திருந்த என் அறுபத்தொன்பதாம் வருஷத்துச் சிவப்பு வண்டி இனி உனக்குத்தான். டிரெய்லரோடு வா. நான் தோற்றுவிட்டேன்.

உன் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்தச் சனிக்கிழமை ஊர்க் கார் ஊர்வலத்துல அது தானா ஓடணும். இல்லேன்னா என் தம்பிக்குக் குடுத்துடுங்க, கராஜ்ல நான் தையல் மெஷினைப் போட்டுக்கறேன்." நியாயம்தான். போன வருஷம் நாலு பேர் பின்னால் தள்ள, நான் உள்ளே உட்கார்ந்து கையாட்டிக்கொண்டு போனதை அவள் இன்னும் மறக்கவில்லை.

கோளாறு கார்புரேட்டரில்தான் என்று கழற்றினேன். உள்ளே ஒரே பழைய பெட்ரோல் பிசுக்கு. ஆர்லீன் சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரமாகப் பார்த்து எல்லாப் பாகத்தையும் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டுவிட்டேன், இது நமக்குள் இருக்கட்டும், அவளிடம் மூச்சு விடாதே, அன்று ராத்திரி பாதிரியார் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு "மீன்ல என்னமோ புது வாசனைம்மா" என்றார், நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன். இரும்புச் சாமானெல்லாம் பழசே போதும் என்று, கசியாமல் இடையில் வைக்கிற அட்டை கேஸ்கெட் செட் மட்டும் புதுசாக வாங்கினேன். அதில் நாலு கேஸ்கெட் மிச்சம் விழுந்தது. எல்லா மாடலுக்கும் சேர்த்துத்தானே போடுவான்! மிச்சம் விழுந்தால் எதுவும் குறையவில்லை என்றுதானே அர்த்தம்? நிம்மதியாக மூடி முறுக்கினேன்.

ஸ்டார்ட் ஆச்சுடா! நின்ற இடத்தில் என்ன அழகாக உறுமுது தெரியுமா? ஆனா பெடலை மிதிச்சா ஒரு இருமல், அதோட படுத்துடுது. பக்கத்து வீட்டு கிளைட் மடக்கு நாற்காலியும் பீருமாக வந்து உட்கார்ந்துகொண்டு, "அந்த ஸ்க்ரூவை அரைச் சுத்து திருப்புப்பா" என்கிறான். திருப்பினால், "முன்னாடி இருந்ததே தேவலை" என்கிறான். உதிரிபாகக் கடைக்காரன் பம்ப் ரப்பரை மாத்தச் சொன்னான், மாத்தினேன். நீ போனில் பிளக்கை மாத்தச் சொன்னாய், அதையும் மாத்தினேன். நேற்று வண்டி நெருப்பாகவே இருமிவிட்டது. கிளைட் ஒரு பக்கப் புருவம் போய், அப்படியே உட்கார்ந்து இன்னும் யோசனை சொல்கிறான்.

போதும்டா மச்சான். எனக்கு அழுகையே வருது. ஒன்று மட்டும் செய். பக்கத்து சீட்டுக் கண்ணாடியை முழுசாக ஏற்றாதே. பாதி இறங்கியிருந்தால்தான் உன் அக்காவுக்குப் பிடிக்கும். கல்யாணம் முடிந்து சர்ச்சிலிருந்து வந்த அன்றிலிருந்து அப்படியே வைத்திருக்கிறேன். இனி அவள் அதில் உட்காரப்போவதில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

கர்த்தர் உன்னையும், இதைத் தள்ளப்போகும் உன் முதுகையும் காப்பாராக.

அன்புடன்,
வண்டியில்லாத அத்தான் டுவைட்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. நேத்து இதைத் தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், உறையை ஒட்டலை, படிச்சுட்டேன். என் தட்டெல்லாம் பெட்ரோல் வாசனை அடிச்சப்பவே எனக்கு விஷயம் தெரியும். மெஷினோட அடி வடிகட்டியில ஒரு குட்டி இரும்புக் குண்டு கிடந்துது. பட்டன் டப்பாவுல எடுத்து வச்சேன், வந்து கேக்கட்டும்னு. மனுஷன் கிளைடைக் கேட்டார், கடைக்காரனைக் கேட்டார், உன்னைக் கேட்டார், என்னை மட்டும் கேக்கலை. கராஜ் கிடைக்குதேன்னு நானும் வாயைத் திறக்கலை. ஆனா அந்தக் கண்ணாடி விஷயத்தைப் படிச்சப்புறம் என்னால முடியலைடா. இன்னிக்குக் காலையில அவர் முட்டைத் தட்டுல குண்டைப் போட்டேன். பேயறைஞ்ச மாதிரி என்னைப் பாத்தார், அப்புறம் தட்டோட கராஜுக்கு ஓடினார். பெடலை மிதிக்கறப்ப பெட்ரோல் பீச்சற ஓட்டைக்கு அடியில உக்கார வேண்டிய குண்டாம் அது. இப்ப இருமலே இல்லை. சனிக்கிழமை கண்ணாடியைப் பாதி இறக்கிட்டு நானும் போறேன்.

நீ டிரெய்லரோட கட்டாயம் வா. காருக்கு இல்லை. எனக்குப் புதுசா ஒரு பாத்திரம் கழுவுற மெஷின் தூக்கிட்டு வரணும்.